மனநிறைவோடு வாழ்ந்தவருக்கு அநியாயம் நிகழ்ந்திருக்க முடியுமா?

சென்ற மாதம் புனேயில் ஆய்வு மாணவர்கள் கூடிய சிறு கருத்தரங்கு ஒன்றில் ரமாபாய் ரானடேயின் தன்வரலாறு குறித்து ஒரு கட்டுரை வாசித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு மராத்தியச் சீர்திருத்தக் குடும்பங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே எது நியாயமாகக் கருதப்பட்டது என்பதே என் ஆய்வுப் பொருள். வாசித்து முடித்ததும் முதுகலை மாணவி ஒருவர் எழுந்தார். "ரமாபாய் தம் நூல் முழுக்கக் கணவரைப் பற்றி நன்றியோடுதான் எழுதுகிறார். தமக்கு அநியாயம் இழைக்கப்பட்டதாக அவர் கருதவில்லை. அவரே மனநிறைவோடு வாழ்ந்திருக்கும்போது, அந்த மணவாழ்வில் நியாயம் இல்லை என்று நூற்றைம்பது ஆண்டு கழித்துச் சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்டார்.

ஆணாதிக்கக் கருத்தியல், உள்வாங்கப்பட்ட அடிமைத்தனம் என்று நான்கைந்து சொற்களை அடுக்கிவிட்டு அமர்ந்தேன். அது விடையாகாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. தன் வாழ்வைப் பற்றி ஒரு பெண் எழுதிவைத்த சான்றை, அவளுக்கு விவரம் போதவில்லை என்று தள்ளிவிடுவது வரலாற்று மாணவனுக்கு எளிய வழி. ஆனால் தவறான வழி. அன்றிலிருந்து அக்கேள்வி என்னை விடவில்லை. நண்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். பதிவு சற்று நீளும்.

முதலில் அந்த மணவாழ்வு. மகாதேவ் கோவிந்த் ரானடே அக்காலப் பம்பாய் மாகாணத்தின் மிகச் சிறந்த அறிவாளர்களுள் ஒருவர். நீதிபதி, பொருளியல் அறிஞர், பிரார்த்தனை சமாஜத்தின் தூண். கைம்பெண் மறுமணத்துக்காக இயங்கிய சங்கத்தில் முன்னணியில் நின்றவர். 1873இல் அவருடைய முதல் மனைவி இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. பேசியபடி நடப்பவராயின் ஒரு கைம்பெண்ணை அவர் மணப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தனர். அவருடைய தந்தை அதற்கே அஞ்சினார். துக்கம் ஆறுவதற்குள் தந்தை பெண் பார்த்தார், ரானடே தந்தையின் சொல்லைத் தட்டவில்லை. மணப்பெண் ரமாபாய்க்கு வயது 11. சீர்திருத்தக்காரர்கள் ரானடேயை எள்ளினர். அந்த எள்ளல் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது.

ரமாபாய்க்குத் திருமணத்தின்போது எழுத்தறிவு கிடையாது. மணமான உடனேயே ரானடே அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். மராத்தி, பிறகு ஆங்கிலம், நாளிதழ் வாசிப்பு, வரவு செலவுக் கணக்கு, மேடைப் பேச்சு எனப் பாடம் வளர்ந்தது. அதே வீட்டில் பல மூத்த பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு இந்தப் படிப்பு வெட்கக்கேடு. 1882இல் பண்டித ரமாபாய் புனேக்கு வந்து ஆரிய மகளிர் சமாஜத்தைத் தொடங்கியபோது ரானடேயின் மனைவியும் அதன் கூட்டங்களுக்குப் போனார். திரும்பி வந்தால் வீட்டில் வசை காத்திருக்கும். ரானடே பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல்லும் பேசமாட்டார். மனைவியிடம் பொறுத்துக்கொள் என்பார். படி என்றவரும் அவரே, படித்ததற்காக வரும் வசையைத் தாங்கிக்கொள் என்றவரும் அவரே. சீர்திருத்தத்தின் பெருமை ஒருவருக்கும் அதன் அன்றாடச் செலவு இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்தன.

இவையெல்லாம் ரமாபாயின் நூலிலேயே உள்ளன. ஒருமுறை, வீட்டுப் பெரியவர்களின் சொல்லுக்கும் கணவரின் விருப்பத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டு, அவர் பெரியவர்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். அன்றிரவு ரானடே கடிந்துகொள்ளவில்லை, பேசவே இல்லை. வழக்கம்போல் அவருடைய பாதங்களில் நெய் தேய்த்தபடி ஒரு சொல்லுக்காக ரமாபாய் காத்திருக்கிறார். அந்த இரவின் வேதனையை நூலில் விரிவாக எழுதும் ரமாபாய், அதைக் கணவரின் குறையாக எழுதவில்லை. தாம் செய்த தவறாகவும், தவறு செய்தவரையும் அடிக்காமல் திட்டாமல் மௌனத்தால் திருத்திய கணவரின் பெருந்தன்மையாகவுமே எழுதுகிறார்.

மாணவியின் கேள்விக்கு முழு வலு சேர்ப்பது இந்த இடம்தான். ரமாபாய் எதையும் மறைக்கவில்லை. நாம் அநியாயம் என்று சுட்டக்கூடிய அத்தனையையும் அவரே வரிசையாகச் சொல்லிவிட்டு, அதன் கீழே நன்றி என்று கையெழுத்திடுகிறார்.

இங்கே வரலாற்றை விட்டுச் சற்றே விலகி, இக்கேள்வியை வேறொரு துறை எப்படிக் கையாண்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. காதலிலும் மணவாழ்விலும் நியாயம் என்பதை அளந்து பார்க்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் சிலர் 1970களில் முனைந்தனர். ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் என்பவர் 1960களில் ஊதியம் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார். தொழிலாளி தன் கூலியைத் தனியே எடைபோடுவதில்லை. தான் இடும் உழைப்புக்கும் பெறும் பயனுக்குமான விகிதத்தை அருகிலிருப்பவனின் விகிதத்தோடு ஒப்பிடுகிறான். விகிதம் ஒத்தால் நிறைவு, ஒவ்வாவிடில் குமைச்சல். எலைன் ஹாட்ஃபீல்டும் எலன் பெர்ஷெய்டும் இதைக் காதலர்களிடம் பொருத்திப் பார்த்தனர். தகுதிக்குக் குறைவாகப் பெறுவதாக உணர்பவருக்குச் சினம், தகுதிக்கு மேல் பெறுவதாக உணர்பவருக்கு ஒரு குற்றவுணர்வு, சமமாகப் பெறுவதாக உணர்பவருக்கே மிகுந்த மனநிறைவு என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. குறைவாகப் பெறுபவரின் சினத்தைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் உறுதிசெய்தன. மிகுதியாகப் பெறுபவரின் குற்றவுணர்வுக்கு அத்தனை உறுதியான சான்று கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வியப்பில்லை.

இந்த ஆய்வுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1975 மார்ச்சில் விஸ்கான்சின் மாநிலத்து செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மைர், மக்கள் வரிப்பணத்தை வீணடிப்பதற்கென்று ‘கோல்டன் ஃப்ளீஸ்’ என்னும் கேலி விருதை ஏற்படுத்தினார். முதல் விருது, காதலைப் பற்றிய ஆய்வுக்கு 84,000 டாலர் வழங்கிய தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போனது. மனிதர் ஏன் காதல் வயப்படுகிறார்கள் என்பதை எந்த விஞ்ஞானியும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம் என்பது செனட்டரின் வாதம். இரண்டு பெண் ஆய்வாளர்களும் நாடெங்கும் நகைப்புக்கு உள்ளாயினர். காதலில் கணக்குப் பார்க்கலாமா என்ற கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆனால் அக்கோட்பாட்டின் நடுவே ஒரு சொல் இருக்கிறது: உணர்தல். நியாயம் வெளியே கிடக்கும் ஒரு பொருளாக அங்கே அளக்கப்படவில்லை. நியாயமாக நடத்தப்படுகிறோம் என்ற உணர்வே அளக்கப்பட்டது. அந்த உணர்வு எதனோடு ஒப்பிட்டுப் பிறக்கிறது? தொழிலாளி பக்கத்து இயந்திரத்தில் நிற்பவனோடு தன்னை ஒப்பிடுவான். மனைவி யாரோடு ஒப்பிடுவாள்? கணவனோடா, அடுத்த வீட்டு மனைவியோடா, தன் தாயோடா? 1991இல் லிண்டா தாம்ப்சன் என்னும் குடும்பவியல் ஆய்வாளர் இந்த இடத்தில் கைவைத்தார். வீட்டு வேலையின் பெரும்பங்கைச் சுமக்கும் பெண்களில் பலர் அதை அநியாயமாக உணராதது ஏன் என்பது அவருடைய கேள்வி. அவர் சுட்டிய காரணங்களுள் ஒன்று ஒப்பீட்டின் அளவுகோல். பெண்கள் தம்மைத் தம் கணவரோடு ஒப்பிடுவதைவிடப் பிற பெண்களோடும், தம் கணவரைப் பிற கணவர்களோடும் ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிடும்போது ஓரளவு நல்ல கணவர் கிடைத்தவளுக்கு நன்றியே மிஞ்சும்.

இதைப் படித்தபோது எனக்கு ரமாபாய்க்கு முன்னால் என் பாட்டி நினைவுக்கு வந்தார். தாத்தாவைப் பற்றி ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை. "உங்க தாத்தா ஒருநாளும் சோத்துத் தட்ட வீசினதில்லடா" என்பார். எங்கள் தெருவில் தட்டு வீசாத ஆண்கள் குறைவு. எதிர்வீட்டில் தட்டு விழும் ஓசை எங்கள் திண்ணை வரை கேட்கும். பாட்டியின் தராசில் ஒருபுறம் தாத்தா, மறுபுறம் எதிர்வீட்டுக்காரர். தாத்தா எப்போதும் வென்றார். விடியலுக்கு முன் எழுந்து, எல்லாரும் உண்ட பின் உண்டு, இரவு கடைசியாகப் படுத்த பாட்டியை அந்தத் தராசில் யாரும் ஏற்றவில்லை, பாட்டியும் ஏறவில்லை. அவருடைய மனநிறைவு பொய்யென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. தாத்தா இறந்தபின் அவர் அழுத அழுகை பொய்யில்லை.

ரமாபாயின் தராசும் இதுவே. அவரைச் சூழ இருந்த கணவர்கள் மனைவிக்கு எழுத்து கற்பிக்காதவர்கள். மனைவி மேடையேறுவதை நினைத்தும் பார்க்காதவர்கள். தம் பிறந்த வீட்டிலும் பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டதை அவர் அறிவார். ரானடேயை இவர்களோடு நிறுத்திப் பார்த்த ஒருவருக்கு நன்றி தவிர வேறு எந்த உணர்வு பிறந்திருக்கும்? அந்த நன்றி அறியாமையில் விளைந்ததன்று. அவர் கையிலிருந்த அளவுகோலின்படி அது துல்லியமான கணக்கு.

அப்படியாயின் வேறு அளவுகோல் அக்காலத்தில் இருந்ததா? இல்லை என்றால் மாணவி வென்றார். அக்காலத்தில் எவருக்கும் தோன்றாத ஒன்றை நாம் அவர்கள்மேல் ஏற்றுகிறோம் என்றாகும். ஆனால் அது இருந்தது. அதே மராத்தி மொழியில், ரமாபாய் சமாஜக் கூட்டங்களுக்குப் போன அதே 1882இல் அது அச்சேறியது.

அந்த நூலின் பெயர் ‘ஸ்திரீ புருஷ துலனா’. பெண் ஆண் ஒப்பீடு என்று பொருள். எழுதியவர் தாராபாய் ஷிண்டே, பேரார் பகுதியின் புல்டானாவைச் சேர்ந்தவர். அவர் தந்தை ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக சமாஜத்தோடு தொடர்புள்ளவர். 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பார்ப்பனக் கைம்பெண், முறைதவறிய உறவில் பிறந்த குழந்தையைக் கொன்றதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. அதையொட்டி நாளிதழ்கள் பெண்குலத்தின் ஒழுக்கக்கேட்டைப் பற்றி எழுதித் தள்ளின. அச்சினத்தில் பிறந்தது தாராபாயின் சிறுநூல். அவர் எழுதியதாக நமக்குத் தெரிந்தது அந்த ஒன்றே.

நூலின் முறை மிக எளியது. பெண்களிடம் இருப்பதாகச் சாத்திரங்களும் கதைகளும் சொல்லும் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்: வஞ்சகம், அவசரபுத்தி, பேராசை, காமம். ஒவ்வொன்றையும் ஆணின்மேல் வைத்து, இது இவனிடம் இல்லையா, இவளைவிட மிகுதியாக இல்லையா என்று கேட்கிறார். மனைவி இறந்தால் கணவன் உடனே அடுத்த பெண்ணைத் தேடலாம், கணவன் இறந்தால் மனைவி மொட்டையடித்து மூலையில் உட்கார வேண்டும். இருவருக்கும் உயிர் ஒன்றுதானே என்கிறார். கணவன் தெய்வம் என்றால் தெய்வத்தைப் போல நடந்துகொள்ள வேண்டாமா என்கிறார். ஆங்கிலேயரைப் பார்த்து உடையை மாற்றிக்கொண்ட ஆண்கள், மனைவி மட்டும் பழைய தருமத்தில் நிற்க வேண்டும் என்பதை எள்ளுகிறார். 1873இல் புனேயில் நடந்த ஒரு திருமணம் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது என் நினைவுக்கு வராமல் போவதில்லை.

தலைப்பைக் கவனியுங்கள். ஒப்பீடு. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பதைத் தாராபாய் மாற்றிவிட்டார். நல்ல கணவனைக் கெட்ட கணவனோடு ஒப்பிடும் வழக்கை அவர் மூடிவிட்டு, மனைவியைக் கணவனோடு ஒப்பிடும் புதிய வழக்கைத் திறந்தார். அமெரிக்கத் தொழிலாளியின் தராசை உளவியல் கண்டுகொள்வதற்கு எண்பது ஆண்டு முன்னரே அதைப் படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வேன். இது மிகை என்று நண்பர்கள் கருதினால் ஏற்றுக்கொள்கிறேன், சற்றே மிகைதான்.

அந்நூலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜோதிராவ் 1885இல் ‘சத்சார்’ இதழில் தாராபாய்க்காக வாதிட்டார். தாராபாய் மீண்டும் எழுதவில்லை. நூல் மறக்கப்பட்டு, 1975இல் மல்ஷே என்னும் மராத்தி அறிஞரால் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. செனட்டர் பிராக்ஸ்மைர் கேலி விருது அறிவித்த அதே ஆண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும் குறித்துவைத்திருக்கிறேன்.

ஜோதிராவின் வட்டத்தில் இந்தச் சிந்தனை சடங்காகவும் உருக்கொண்டது. ரானடே மணம்புரிந்த அதே 1873இன் டிசம்பர் 25இல் சத்திய சோதக முறையிலான முதல் திருமணம் புரோகிதர் இன்றி நடந்தது. பின்னர் இத்திருமணங்களுக்கென்று ஜோதிராவ் இயற்றிய பாடல்களில் மணமகளும் மணமகனும் மாறி மாறிப் பேசுகிறார்கள். விடுதலை என்பதை அறியாத பெண்குலத்துக்கு உரிமை தருவேன் என்று சத்தியம் செய்யும்படி மணமகள் கேட்கிறாள், மணமகன் செய்கிறான். நம் நாட்டுச் சுயமரியாதைத் திருமணங்கள் நினைவுக்கு வரும். அவை அரை நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. ஒரு நகரம், ஒரே ஆண்டு, இரு திருமணங்கள். ஒன்றில் பதினொரு வயதுச் சிறுமியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மற்றொன்றைத் தொடங்கிவைத்த மரபு, கேட்பதையே சடங்காக்கியது. சத்தியம் செய்த கணவர்கள் எல்லாரும் அதைக் காத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காக்கத் தவறினால் மனைவி சுட்டிக்காட்ட ஒரு சொல் அவள் கையில் இருந்தது என்கிறேன்.

இரண்டு அளவுகோல்களும் ஒரே நெஞ்சில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆனந்திபாய் ஜோஷியின் கடிதம் சான்று. ஒன்பது வயதில் கோபால்ராவை மணந்து, பதினான்கில் பெற்ற குழந்தையைச் சில நாட்களிலேயே இழந்து, 1883இல் தனியே கடல் கடந்து, 1886இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1887 பிப்ரவரியில், 22 வயது நிறைவதற்கு முன்பே, புனேயில் இறந்தார். அவரைப் படிக்கவைத்தவர் கோபால்ராவ். படிக்காத நாளில் அவரை அடித்தவரும் கோபால்ராவ். அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதமொன்றில் ஆனந்திபாய் கணக்கைத் திறக்கிறார். பத்து வயதில் விறகால் அடித்ததும், நாற்காலி எறிந்ததும், பன்னிரண்டில் விட்டுவிட்டுப் போவேன் என்று மிரட்டியதும் ஒவ்வொன்றாக வயதோடு பதிவாகின்றன. நீங்கள் என்னை நடத்திய விதம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் இரண்டும் என்றே சொல்வேன் என்ற பொருள்பட எழுதுகிறார்.

இரண்டும். ரமாபாயின் நன்றி, தாராபாயின் சினம் ஆகிய இரண்டும் ஒரு கடிதத்தில். கோபால்ராவ் இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை எழுதும் எழுத்தறிவே தமக்கு இருந்திராது என்பதை ஆனந்திபாய் அறிவார். கடனைக் கொடுத்தவனே காயத்தையும் கொடுத்திருக்கும்போது கணக்கு எந்தப் பக்கம் சாயும்? சமநிலைக் கோட்பாட்டின் விகிதங்களுக்குள் இது அடங்கவில்லை. அடங்காததாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவின் மண உறவுகளைப் பற்றி நான் படித்த ஆவணங்களில் மிக நேர்மையானதாக அதைக் கருதுகிறேன்.

இந்த வரிசையில் ருக்மாபாயையும் சொல்ல வேண்டும். பதினொரு வயதில் தமக்குச் செய்துவைத்த திருமணத்தை ஏற்க மறுத்து, 1887இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கணவனிடம் போ அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்றபோது சிறையைத் தேர்ந்தவர். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து விடுபட்டு, பிறகு மருத்துவரானவர். ஆனால் அவருடைய வழக்கு இசைவு பற்றியது. தொடங்காத வாழ்வில் நிறைவையும் நியாயத்தையும் அளக்க இயலாது. எனவே இங்கே அவரைக் கடந்து செல்கிறேன்.

இப்போது மாணவியின் பக்கம் நின்று ஒரு தடை எழுப்புகிறேன். தராசைத் தூக்குவதே அன்பு குறைந்ததன் அறிகுறி என்று ஒரு கட்சி உண்டு. அதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. நான்சி குரோட், மார்கரெட் கிளார்க் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, முதல் குழந்தையை எதிர்நோக்கிய தம்பதியரைத் தொடர்ந்து கவனித்தது. உறவில் ஏற்கெனவே துன்பம் உடையவர்களே பின்னர் அநியாயத்தை மிகுதியாக உணர்ந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. மகிழ்ச்சியாக இருப்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. மகிழ்ச்சி குலைந்த பிறகே கணக்குப் புத்தகம் வெளியே வருகிறது. போதாக்குறைக்கு அந்தக் கணக்கும் சரியாக இருப்பதில்லை. 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி ஆகியோர் தம்பதியரிடம் வீட்டுப் பொறுப்புகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான இணைகளில் இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. எங்கள் வீட்டிலும் இதைச் சோதித்தேன். வாரத்தில் நான்கு நாள் பாத்திரம் கழுவுபவன் நான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். என் மனைவியின் கணக்கில் அது இரண்டு. நாட்காட்டியில் குறிக்கத் தொடங்கினோம். முதல் வாரம் இரண்டு.

ஆகவே ரமாபாய் கணக்குப் பார்க்காததற்கு அவர் மகிழ்ச்சியாக இருந்ததே காரணம் என்று மாணவி சொல்லலாம். ஏற்கிறேன். ஆனால் கணக்குப் பார்க்காத மகிழ்ச்சி இருவருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம். ஈடுபடும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேருக்கு மேல். ஆண்கள் 26 பேர். 299 நிமிடம் செலவிடும் பெண்களில் எத்தனையோ பேர் தம் கணவரைப் பற்றிக் கேட்டால் நிறைவோடு பேசுவார்கள். என் பாட்டி இருந்திருந்தால் அவரும் பேசியிருப்பார். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணும் பொய் சொல்லவில்லை.

மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். மனநிறைவு என்பது ரமாபாயின் சான்று. அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. அந்த நிறைவு எந்தத் தராசில் நிறுத்தப்பட்டது என்று கேட்பது என் வேலை. அதே ஊரில், அதே மொழியில், அவர் வாழ்ந்த காலத்திலேயே இன்னொரு தராசு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொங்கவிட்டவர் நானல்லேன், தாராபாய். ரமாபாய் அந்த நூலைப் படித்தாரோ இல்லையோ, 1882இன் புனேயில் ஒரு மனைவி தன்னைக் கணவனோடு ஒப்பிடுவது எண்ணிப் பார்க்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். 1901 ஜனவரியில் ரானடே இறந்தார். அதன்பின் ரமாபாய் இருபத்து மூன்று ஆண்டு வாழ்ந்தார். 1909இல் தொடங்கிய புனே சேவா சதனத்தை வளர்த்தார். கைம்பெண்களைச் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் பயிற்றுவித்தார். சிறுமியருக்குக் கட்டாயக் கல்வியும் பெண்களுக்கு வாக்குரிமையும் வேண்டிப் போராடினார். நன்றியோடு நூல் எழுதிய அதே கை, தான் பொறுத்துக்கொண்டதை அடுத்த தலைமுறைப் பெண்கள் பொறுக்க வேண்டாத இடம் ஒன்றைக் கட்டியது. இதை முரண் என்று கொள்வதா, தாமதமாக எழுதப்பட்ட கணக்கு என்று கொள்வதா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. ஆய்வேட்டின் நான்காம் இயல் அங்கேயேதான் நின்றுகிடக்கிறது.

1910இல் வெளிவந்த அந்த நூலின் மராத்தித் தலைப்பு ‘ஆம்ச்யா ஆயுஷ்யாதீல் காஹீ ஆட்வணி’. மராத்தியிலும் தமிழைப் போலவே கேட்பவரை உட்படுத்தும் ‘நாம்’ ஒன்றும், உட்படுத்தாத ‘நாங்கள்’ ஒன்றும் உண்டு. ‘ஆம்ச்யா’ இரண்டாம் வகை. ‘எங்கள் வாழ்வின் சில நினைவுகள்’ என்றுதான் பெயர்க்க வேண்டும். படிக்கும் நாம் வெளியே நிற்கிறோம்.

இப்பதிவின் முதல் வரைவை அந்த மாணவிக்கு அனுப்பியிருந்தேன். நேற்று மறுமொழி வந்தது. வாதத்தின் பெரும்பகுதியை ஏற்கிறாராம். ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார்: நெய் தேய்த்த அந்த இரவைப் பற்றி ரானடே என்ன நினைத்தார் என்பதற்கு ஏதேனும் சான்று உண்டா? ரானடே தன்வரலாறு எழுதவில்லை. மனைவியின் நூலில் இருப்பதுதான் நமக்குக் கிடைக்கிறது.